காணும் பொங்கலுக்கு ஏரில போட்டிங், 14 பேரு, அதுல 6 வாண்டுங்க... எதெல்லாம் பாக்கணும்?

குடமுருட்டிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெருசா எழுதப் போறேன், மன்னிச்சிக்கங்க. நாங்க பாபநாசம் பக்கம். இந்த காணும் பொங்கலுக்கு மெட்ராஸ்லேந்து பெரிய நாத்தனார் குடும்பம், பெங்களூர்லேந்து கொழுந்தனார் குடும்பம்னு எல்லாம் வராங்க, எங்களோட சேத்து 14 பேரு, அதுல 6 வாண்டுங்க, கடைக்குட்டிக்கு ரெண்டு வயசு கூட முடியல. வருஷா வருஷம் ஆத்தங்கரைல உக்காந்து கட்டுச்சோறு தின்னுட்டு வந்துருவோம். இந்த தடவ பசங்க போட்டிங் போட்டிங்னு ஒரே பாட்டு. இங்கேந்து முக்கால் மணி நேரத்துல ஒரு ஏரி இருக்கு, பேரு வேணாம், போன வருஷம்தான் அங்க போட் விட ஆரம்பிச்சாங்க.

நானும் வீட்டுக்காரரும் போன ஞாயித்துக்கெழம சும்மா போய் பாத்துட்டு வரலாம்னு போனோம். பாத்ததுலேந்து எனக்கு வயித்த கலக்குது. நாலு பேரு உக்கார்ற பெடல் போட்ல நாலு பெரியவங்களோட மடில ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு போறாங்க. லைஃப் ஜாக்கெட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சேர் மேல ஈரத்தோட குமிச்சு கெடக்கு, நான் எடுத்துப் பாத்த மூணுல ரெண்டுக்கு பக்கிள் இல்ல, ஒண்ணுல பக்கிளுக்கு பதிலா வெறும் நாடா போட்டு கட்டி வெச்சிருக்காங்க. மோட்டார் போட் ரெண்டு இருக்கு, அது சல்லுனு வளைச்சு திருப்புது, அதே தண்ணில இந்தப் பக்கம் பத்து பதினைஞ்சு பசங்க குளிச்சிட்டு கெடக்கானுங்க. டிக்கெட் குடுக்கற தம்பிய கேட்டா "ஒண்ணும் ஆவாதுக்கா, நாலடி தண்ணிதான்"ங்கறாரு.

இதுல கொழுந்தனாரு வேற "அண்ணி, நான் காலேஜ்ல நீச்சல்ல மெடல் வாங்கினவன், நான் இருக்கறப்ப எதுக்கு பயப்படறீங்க, நான் அக்கரைக்கே நீந்திக் காட்றேன்"ங்கறாரு. எனக்கு நீச்சல் தெரியாது. ஆத்துக்கு பத்தடில பொறந்து வளந்தவ, அண்ணன் தம்பிய எல்லாம் தாத்தா தூக்கி தண்ணில போட்டு கத்துக்குடுத்தாரு, எங்கள படித்துறைல துணி தொவைக்கதான் விட்டாங்க. அந்த கோவம் இன்னும் இருக்கு, அது வேற கதை.

போகவே வேணாமா? போனா எத எத பாத்து ஏறணும்? சின்னதுங்கள என்ன பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெண்ணாத்து ராஜா:

என்னம்மா இது, ஏரிக்குப் போறதுக்கு இவ்ளோ யோசனையா. நீடாமங்கலம் மூணாறு தலைப்புல, அதான் வெண்ணாறு மூணா பிரியற எடத்துல, ஷட்டர் மேலேந்து குதிச்சு வளந்தவங்க நாங்க. காஞ்ச சுரக்குடுக்கைய முதுகுல கட்டி தள்ளி விடுவாங்க, நாலாம் நாள் குடுக்கைய அவுத்துட்டு தள்ளுவாங்க, அவ்ளோதான் நீச்சல். எனக்கு இப்ப 64. இந்த ஜாக்கெட் அது இதுன்னு மாட்டி விட்டா புள்ள எப்பதான் தண்ணிய பழகும். ஓடற ஆத்துலயே பயமில்ல, ஏரி நிக்கிற தண்ணி, அது என்ன பண்ணிரும்.

ஏரிப்பாசனம்:

ராஜா ஐயா, கோச்சுக்காதீங்க, நிக்கிற தண்ணி ஒண்ணும் பண்ணாதுங்கறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். எங்க நெலம் ஏரித் தண்ணி பாயற ஆயக்கட்டுலதான் இருக்கு, அந்த ஏரியோட அடிய கோடைல நடந்து பாத்தவன் சொல்றேன். மே மாசம் தண்ணி வத்தினதும் வண்டல் எடுக்கறேன்னு டிராக்டரும் ஜேசிபியும் எறங்கும், எங்க நல்ல மண்ணு இருக்கோ அங்க மட்டும் ஆறடி எட்டடின்னு தோண்டுவான், பக்கத்துல அப்புடியே விட்ருவான். அப்பறம் தண்ணி வந்து நெறஞ்சா மேலேந்து பாக்க தாம்பாளம் மாதிரி சமமா இருக்கும். இடுப்பளவு தண்ணில நிக்கிற பய ஒரு அடி தள்ளி வெச்சான்னா தலைக்கு மேல தண்ணி. அந்த பள்ளத்தோட விளிம்பு களிமண்ணு, ஏற காலு வெச்சா வழுக்கி மறுபடி உள்ளதான் போவும். ஆத்துல பழகினவனுக்கு தண்ணி இழுக்கும்னு தெரியும், உஷாரா இருப்பான், ஏரில அவனே அசந்துருவான். அந்த டிக்கெட் தம்பி சொன்ன நாலடி படித்துறை பக்கத்துல வேணா இருக்கும்மா.

இன்னும் மூணு விசயம். ஒண்ணு மதகு. பாசனத்துக்கு தொறந்து இருந்தா மேல ஒரு அசைவும் தெரியாது, ஆனா கீழ ஆள இழுத்து கம்பியோட ஒட்ட வெச்சிரும், பக்கத்துல போய் நீந்தறதும் போட்ட கொண்டு போறதும் வேணவே வேணாம். ரெண்டாவது மீன் குத்தகைக்காரங்க வலை, குச்சி நட்டு கட்டி வெச்சிருப்பாங்க, தண்ணிக்கு மேல நாலு தெர்மாகோல் துண்டோ காலி பாட்டிலோ மெதக்கும், அதத் தாண்டி போகாதீங்க, நீந்தறவன் காலு மாட்டினா ஒதற ஒதற சுத்திக்கும். மூணாவது ஆகாயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும். காட்டாமணக்க வெட்டி விட்ட கட்டை தண்ணிக்கு அடில ஈட்டி மாதிரி நிக்கும், கரை மேலேந்து தலைகீழா டைவ் அடிக்கறவன் கழுத்து என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சிக்கங்க. உங்க கொழுந்தனார் மெடல் வாங்கினது நீச்சல் குளத்துல, அங்க டைல்ஸ் தெரியும்.

அலையாத்தி:

நான் முத்துப்பேட்டைக்காரன். கோரையாத்து வழியா லகூனுக்கு ஆள் ஏத்திக்கிட்டு 11 வருஷம் போட் ஓட்டிருக்கேன், இப்ப விட்டுட்டேன், முதுகு வலி. அக்கா கேட்டதுக்கு என் அனுபவத்துல சொல்றேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

போட்ல ஏர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் கரைல நின்னு முன்னாடி போற போட்ட பாருங்க. ஆள் ஏறி உக்காந்த பொறவு போட் விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல எவ்ளோ மிச்சம் தெரியுதுன்னு பாருங்க. ஒரு முழத்துக்கு கொறையாம இருந்தா நிம்மதி, நாலு விரல்தான் தெரியுதுன்னா அதுல ஏறாதீங்க, பக்கத்துல மோட்டார் போட் போற அலை ஒண்ணு உள்ள அடிச்சா போதும், உள்ள வந்த தண்ணி ஒரு பக்கமா ஓடும், அது ஓடற பக்கம் போட் சாயும், சாஞ்ச பக்கம் இன்னும் தண்ணி ஏறும். மடில இருக்கற புள்ளையும் ஒரு ஆள்தான், டிக்கெட்டுக்குதான் கணக்குல வராது, தண்ணிக்கு எல்லாம் கணக்கு.

போட் பெரும்பாலும் தானா கவுறாது, மனுசன்தான் கவுத்துவான். 2009 செப்டம்பர் 30ல தேக்கடில போட் கவுந்து 45 பேரு போனாங்களே, கரைல மிருகம் தெரியுதுன்னு மேல் தட்டுல இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு ஒரே பக்கமா போனாங்கன்னுதான் சொன்னாங்க, ஜாக்கெட்டும் யாரும் போடல. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காடு ஏரில 22 பேரு. 2023 மே 7 கேரளாவுல தானூர்ல 22 பேரு, அது மீன்பிடி போட்ட மாத்தி டூரிஸ்ட் போட் ஆக்கினது, ஆள் ஏத்தினது அளவுக்கு மேல. நாள் கெழம எல்லாம் பாருங்க, லீவு நாளு, பண்டிகை நாளு. கூட்டம் வர்ற அன்னிக்குதான் ஓட்டறவனுக்கும் ஆசை வரும், இன்னும் ரெண்டு பேரு ஏத்திக்கலாம்னு. எனக்கும் வந்திருக்கு, பொய் சொல்லல.

மோட்டார் வெச்ச போட்டுன்னா 2021 உள்நாட்டு கப்பல் சட்டத்துப்படி ரெஜிஸ்ட்ரேஷன், சர்வே சர்ட்டிபிகேட், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கணும், எத்தன பேரு ஏறலாம்னு ஒரு அளவு இருக்கும். எத்தன பேருன்னு போட்ல எழுதியிருக்கான்னு தேடுங்க, இல்லன்னா வெக்கப்படாம கேளுங்க. கேட்டதுக்கு மொறைக்கிறான்னா அந்த போட் வேணாம்.

ஜாக்கெட் பத்தி. ஆரஞ்சு கலர்ல இருக்கறதெல்லாம் ஜாக்கெட் கெடையாது. உள்ள லேபிள்ல 50, 100, 150ன்னு நியூட்டன் கணக்கு போட்டிருக்கும், 10 நியூட்டன்னா ஏறக்கொறைய ஒரு கிலோவ தூக்கும்னு வெச்சிக்கங்க. 50 நீச்சல் தெரிஞ்சவனுக்கு மட்டும். 100னா அமைதியான தண்ணில ஆள மல்லாக்க திருப்பி மூஞ்சிய மேல வெக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க, உங்களுக்கு அதுக்கு கீழ வேணாம். எத்தன கிலோ ஆளுக்குன்னும் அதுலயே இருக்கும். உள்ள இருக்கற பஞ்சு மாதிரி ஃபோம வெரலால அழுத்துங்க, திரும்ப எழும்பி வரணும், அமுங்கினது அமுங்கினபடியே கெடந்தா, இல்ல நொறநொறன்னு பொடிஞ்சா தூக்கிப் போடுங்க. மாட்டி பக்கிள் போட்ட பொறவு தோள்பட்டைல ரெண்டு பக்கமும் புடிச்சு மேல தூக்கிப் பாருங்க, அது காது வரைக்கும் ஏறி வந்தா தண்ணில மூஞ்சி உள்ள போயி ஜாக்கெட் மட்டும் மெதக்கும். சின்னதுங்களுக்கு தொடைக்கு நடுவுல ஒரு பட்டை வரும், அது இல்லாத ஜாக்கெட் சின்னதுக்கு ஆவாது. பெரியவங்க ஜாக்கெட்ட புள்ளைக்கு மாட்டி நாடாவ ரெண்டு சுத்து சுத்துறது ஏமாத்து வேலை. இன்னொண்ணு, ஜாக்கெட்ட "கைல வெச்சிக்கறேன், தேவைப்பட்டா போட்டுக்கறேன்"னு சொல்றது, பைக் பெட்ரோல் டேங்க் மேல ஹெல்மெட் வெச்சிக்கிட்டு ஓட்டற கதைதான்.

புடவை கட்டறவங்க முந்தானைய இடுப்புல சொருகி அதுக்கு மேல ஜாக்கெட் போடுங்க. சுடிதார் துப்பட்டாவ கரைலயே வெச்சிருங்க. ஏர்றப்ப விளிம்புல மிதிக்காம நடுவுல காலு வெக்கணும், புள்ளைங்க கை போட்டுக்கும் மேடைக்கும் நடுவுல மாட்டாம பாத்துக்கணும், எவ்ளோ வெரல் நசுங்கி பாத்திருக்கேன். பெடல் போட்ல இருக்கறப்ப பக்கத்துல மோட்டார் போட் போச்சுன்னா பயந்து எந்திரிக்காதீங்க, போட் மூக்க அந்த அலைக்கு நேரா திருப்பிக்கங்க, பக்கவாட்டுல வாங்கினாதான் ஆட்டும். கவுந்துட்டா போட்டயே புடிச்சிட்டு கெடங்க, கரை கிட்டத்துலதான இருக்குன்னு நீந்திராதீங்க. தண்ணில இருந்து பாத்தா கரை பக்கத்துல இருக்கற மாதிரியே இருக்கும்.

கொழுந்தனார் சாருக்கு ஒரே ஒரு விசயம். மோட்டார் போட் ஓட்டறவன் கண்ணுக்கு நீந்தற ஆள் தலை ஒரு தேங்கா அளவுதான், எதிர் வெயில் இருந்தா அதுவும் தெரியாது. போட் ஓடற பக்கம் நீந்த வேணாம்னு சொல்லுங்க.

மாயவரத்துக்காரன்:

அலையாத்தி அண்ணே அருமை. நான் சேக்கறது ஒண்ணே ஒண்ணு, காணும் பொங்கல் அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல போகாதீங்க. கரைல பாட்டிலோட நாலு குரூப் உக்காந்திருக்கும், அதுல ரெண்டு குரூப்பு போட்லயும் ஏறும். சாப்ட ஒடனே தண்ணில எறங்காதன்னு நம்ம வீட்டு பெரியவங்க அடிச்சு வெரட்டுவாங்க, அந்த குவாட்டர மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க. எங்க தெருல ரெண்டு பேரு அப்புடிதான் போனாங்க, ரெண்டு பேருக்கும் நல்லா நீச்சல் தெரியும்.

நைட் டூட்டி:

ஸ்டாஃப் நர்ஸ் நான். மேல சொன்னதெல்லாம் போட்டிங்குக்கு, நான் குளிக்கறது பத்தி சொல்றேன், ஏன்னா எங்ககிட்ட வர்ற கேஸ்ல பாதிக்கு மேல கரையோரத்துல நடந்ததுதான்.

மூழ்கற ஆளு கத்தும், கைய ஆட்டி கூப்புடும்னு நெனச்சிக்கிட்டு இருக்கோம். அப்புடி இல்லைங்க. வாயி தண்ணி மட்டத்துலயே இருக்கும், உள்ள போகும் வெளிய வரும், மூச்சு எடுக்கவே நேரம் இல்ல, எங்கேந்து கத்தறது. தலை பின்னாடி சாஞ்சிருக்கும், கை ரெண்டும் பக்கவாட்டுல தண்ணிய அமுக்கற மாதிரி இருக்கும், ஏணில ஏற பாக்கற மாதிரி. தூரத்துலேந்து பாத்தா புள்ள வெளையாடுதுன்னுதான் தோணும். சத்தம் போட்டுட்டு இருந்த புள்ள திடீர்னு அமைதியாச்சுன்னா ஒடனே திரும்பிப் பாருங்க. ஒரு நிமிசம் கூட ஆகாது, சின்னதுன்னா அதுக்கும் கம்மி. 14 பேரு இருக்கீங்க, எல்லாரும் பாத்துப்போம்னு நெனச்சா யாரும் பாக்க மாட்டாங்க. கால் மணிக்கு ஒருத்தர்னு முறை போட்டுக்கங்க, அந்த நேரத்துல அவங்க போன் வேற ஒருத்தர் கைல இருக்கணும், கண்ணு தண்ணி மேல மட்டும். ரெண்டு வயசு புள்ள முழங்கால் தண்ணில நின்னா கூட ஒரு கை தூரத்துல ஒரு ஆள்.

யாராவது தத்தளிச்சா குதிக்காதீங்க. குறிப்பா நீச்சல் தெரிஞ்சவங்க குதிக்காதீங்க, பயத்துல இருக்கறவன் கழுத்த கட்டிக்குவான், ஒண்ணு ரெண்டாகும். கரைல குப்புற படுத்து கம்போ துண்டோ நீட்டுங்க. புடவைய முடிச்சு போட்டு வீசுங்க.

வெளிய எடுத்த பொறவு நம்ம ஊர்ல பண்றத பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்கும். புள்ளைய தலைகீழா புடிச்சு தூக்கி சுத்தறது, வயித்துல அமுக்கி தண்ணி எடுக்கறது. வர்றது வயித்துல இருந்த தண்ணி, அதோட சாப்பாடும் வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். மூச்சு இல்லன்னா சமமான தரைல மல்லாக்க படுக்க வெச்சு, ஒருத்தர் 108க்கு போன் போடணும், இன்னொருத்தர் தாடைய தூக்கி மூக்க பொத்தி மொதல்ல வாயோட வாய் வெச்சு ரெண்டு தடவ மூச்சு குடுக்கணும், அஞ்சுன்னும் சில பேர் சொல்லித் தருவாங்க, அது தப்பில்ல. ஹார்ட் அட்டாக்குல சில நேரம் அமுக்கறது மட்டும் போதும்பாங்க, மூழ்கினவங்களுக்கு காத்து இல்லாமதான் இதயம் நின்னுருக்கு, அதனால மூச்சு முக்கியம். அப்பறம் நெஞ்சு நடுவுல 30 அமுக்கு, 2 மூச்சு, இதே கணக்கு. பெரியவங்களுக்கு ரெண்டு அங்குலம் உள்ள போகணும், நிமிசத்துக்கு 100லேந்து 120. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது. புள்ள முழிச்சு ஒக்காந்துட்டா கூட இருமல், மூச்சு வாங்கல், அசதி இருந்தா ஜிஎச்சுக்கு கூட்டிட்டு வாங்க, சில மணி நேரம் வெச்சு பாக்கணும். "அதான் நல்லாருக்கே"ன்னு வீட்டுக்கு கூட்டிட்டு போயிட்டு ராத்திரி 2 மணிக்கு தூக்கிட்டு ஓடி வருவாங்க.

வெண்ணாத்து ராஜா:

எல்லாரும் சேந்து என்ன ஒரு வழி பண்ணிட்டீங்க. சரி, எங்க காலத்துல ஏரில மோட்டாரும் கெடையாது, ஜேசிபி பள்ளமும் கெடையாது, அத ஒத்துக்கறேன். ஆனா புள்ளைங்களுக்கு நீச்சல் கத்துக்குடுங்கறத விட மாட்டேன். பொம்பளப் புள்ளைங்களுக்கும் சேத்து. அந்த அம்மா எழுதினது சுருக்குனு இருந்துச்சு, எங்க வீட்லயும் தங்கச்சிங்கள படித்துறையோட நிறுத்திட்டோம். பேத்திக்கு இப்ப நான்தான் கத்துக்குடுக்கறேன், வாய்க்கால்ல, மார்பளவு தண்ணில.

நர்ஸம்மா சொன்ன துண்டுக்கு மேல ஒண்ணு சொல்றேன். அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன் காலியா இருந்தா மூடிய இறுக்கி, காதுல ஒரு பத்து மீட்டர் கயிறு கட்டி கைல வெச்சிக்கங்க. சும்மா காலியா வீசினா காத்துல பறக்கும், உள்ள ரெண்டு டம்ளர் தண்ணி விட்டுட்டு வீசுங்க, சொன்ன எடத்துல போயி விழும். ஆளத் தாண்டி வீசி இழுக்கணும், ஆள் மேல வீசக்கூடாது. வீட்டு வாசல்லயே நாலு தடவ வீசிப் பழகிட்டுப் போங்க.

குடமுருட்டிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, போயிட்டு வந்துட்டோம். காணும் பொங்கல் அன்னிக்கு போகல, மறுநாள் காலைல ஒன்பது மணிக்கே போயிட்டோம், கரைல எங்களத் தவிர நாலே குடும்பம். அலையாத்தி தம்பி சொன்னபடி தஞ்சாவூர்ல ஒரு கடைல லேபிள் பாத்து சின்ன ஜாக்கெட் மூணு வாங்கினோம், தொடைப் பட்டையோட. பெரியவங்களுக்கு அங்க இருந்ததுலயே தூக்கிப் பாத்து அமுக்கிப் பாத்து எடுத்தோம், எட்டுதான் தேறிச்சு. டிக்கெட் தம்பி மொறைச்சாரு, அப்பறம் அவரே "அக்கா இத பாருங்க, இது புதுசு"ன்னு உள்ளேந்து ஒண்ணு எடுத்துட்டு வந்தாரு. புதுசு எல்லாம் உள்ளதான் பத்திரமா இருந்திருக்கு! நாலு பேரு போட்ல மூணு மூணு பேரா போனோம். கடைக்குட்டிய ஏத்தல, நானும் அவனும் கரைல, எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல.

கொழுந்தனாருக்கு மதகு, வலை, தேங்கா எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். மூஞ்சி கொஞ்சம் சுருங்கிச்சு. அப்பறம் எண்ணெய் கேன வீசறதுல யாரு ஜெயிக்கறதுன்னு பசங்களோட போட்டி வெச்சாரு, கரைல ஒரு செருப்ப வெச்சு அதத் தாண்டி வீசணும். எங்க மாமியாருக்கு 71 வயசு, அவங்கதான் ஜெயிச்சாங்க.

அடுத்த மே மாசம் நானும் நீச்சல் கத்துக்கலாம்னு இருக்கேன், ராஜா ஐயா, மார்பளவு தண்ணி வாய்க்கால் எங்கன்னு சொல்லுங்க, ஆனா மேட்டூர் ஜூன் 12க்குதான தொறப்பான், மே மாசம் எங்க தண்ணி இருக்கப் போவுது.

இன்னொரு சந்தேகம், எங்க பெரியவன் ஜாக்கெட்ட கழட்ட மாட்டேன்னு அதோடயே ஒக்காந்து புளியோதரை சாப்ட்டான், முன்பக்கம் பூரா நல்லெண்ணெய் கறை. இத சோப்பு போட்டு தேய்க்கலாமா, ஃபோம் கெட்டுப் போயிருமா?

அலையாத்தி:

லேசா சோப்புத் தண்ணி தொட்டு துணியால தொடைச்சு நெழல்ல காய வைங்கக்கா. வெயில்ல போட்டுறாதீங்க, வாஷிங் மெஷின்லயும் போட்டுறாதீங்க.